உணர்விழந்த பாதங்களும் செவிலியர் ஞானமும்

பௌர்ணமி இரவில் அண்ணாமலையைப் பிரதட்சிணம் செய்யும் லட்சக்கணக்கான யாத்ரீகர்களுள், ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையை வெறுங்காலோடு நடந்து முடித்துவிட்டு, உள்ளங்காலில் ஏறிய கண்ணாடிச் சில்லையோ, குதிகால் வெடிப்பிலிருந்து கசியும் இரத்தத்தையோ அறியாமலே பேருந்தேறி ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. பக்திப் பரவசத்தில் வலி தோன்றவில்லை என்று உடன்வந்தோர் வியப்பார்கள். நடந்தவரும் அதையே நம்புவார். ஆனால் பரவசம் சில நாழிகைகளில் அடங்கிவிடும். மறுநாளும், அதற்கு மறுநாளும், காயம் சீழ் வைத்து வீட்டில் துர்நாற்றம் எழும் நாளிலுங்கூட வலி தோன்றாமலிருப்பதற்குக் காரணம் வேறு. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உடம்பில் குடிகொண்ட நீரிழிவு, அந்தப் பாதங்களின் ஸ்பரிச உணர்வைச் சிறிது சிறிதாக அபகரித்துவிட்டது. அத்தகைய பாதத்தைக் காக்கும் வித்தையின் பெரும்பகுதி, புண் வருவதற்கு முன்பே அதன் அறிகுறியைக் கண்டறியும் ஒரு செவிலியரின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது என்பதும், அந்த வித்தைக்கு உரிய நேரத்தையும் அதிகாரத்தையும் மரியாதையையும் நாம் இன்னும் வழங்கவில்லை என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

இரத்தத்தில் மிகுந்துவிட்ட சர்க்கரை, நரம்பிழைகளையும் அவற்றுக்கு ஊட்டமளிக்கும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களையும் பல்லாண்டுக் காலம் ஓசையின்றி அரிக்கிறது. நரம்புகளுள் நெடியவை இடுப்பிலிருந்து கால் விரல் நுனிவரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் செல்பவையாதலால், ஏரிப் பாசனத்தில் கடைமடை வயல் முதலில் காய்வதுபோல, விரல் நுனிகளே முதலில் உணர்வை இழக்கின்றன. தொடக்கத்தில் எரிச்சல், ஊசி குத்தும் உணர்ச்சி, இரவில் போர்வை பட்டாலும் தாங்காத வேதனை, பிறகு மதமதப்பு, பிறகு ஒன்றுமில்லை. வலி நின்றுவிட்டதால் நோய் தணிந்துவிட்டது என்று நோயாளி மகிழ்கிற அந்தத் தருணமே, உண்மையில், அவருடைய பாதத்துக்கு அபாயம் முற்றிய தருணம். தொடு உணர்வோடு சேதம் நிற்பதில்லை. வியர்வையை ஆளும் நரம்புகள் செயலிழப்பதால் தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகள் மெலிவதால் விரல்கள் வளைந்து, உடலின் பாரம் முழுவதும் இரண்டொரு எலும்பு முனைகளின்மேல் விழுகிறது. பாரம் விழும் இடத்தில் காய்ப்புக் கட்டி, காய்ப்புக்கு அடியில் புண் உருவாகி, மேற்புறம் நலமாகத் தோன்றும்போதே உள்ளே எலும்புவரை இறங்கியிருக்கும்.

நாளமில்லாச் சுரப்பியின் நோயாகத் தொடங்கியது நரம்பின் நோயாகி, பின்பு புலன்களின் நோயாக முடிகிறது. செவிலியர் பாடநூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்துத்தான் கற்பிக்கின்றன; பரீட்சைக்கு அந்தப் பிரிவினை வசதியானது. ஆயினும் செங்கத்திலிருந்தோ போளூரிலிருந்தோ புறநோயாளிச் சீட்டோடு வந்து பெஞ்சில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவரின் தேகத்தில் அந்த அத்தியாயங்கள் ஒன்றாகவே நிற்கின்றன. அவற்றை ஒருங்கே வாசிக்கத் தெரிந்தவரே நல்ல செவிலியர்.

இது எவ்வளவு பரவிய வியாதி என்பதைச் சொல்ல ஓர் எண் போதும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடெங்கும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்று கணித்தது. தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்குப் பதினான்குக்குச் சற்று மேற்பட்டோர். இது நகரத்துச் செல்வரின் வியாதி என்ற பழைய எண்ணம் பொய்த்துப் பல காலமாயிற்று. மல்லாட்டைக் கொல்லையில் வெறுங்காலோடு களை பறிக்கும் பெண்ணுக்கும், ஆரணியில் தறிக்குழியில் கால்விட்டு நாளெல்லாம் மிதி மிதிக்கும் நெசவாளிக்கும் அது உண்டு. அவர்களுக்குப் பாதமே ஜீவனோபாயம்.

உணர்வற்ற பாதத்தைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பகுதி, இந்தத் திருவண்ணாமலையும் உள்ளடங்கியிருந்த பழைய வட ஆர்க்காடு ஜில்லாவில்தான் கண்டறியப்பட்டது என்பது நம்மிற் பலருக்குத் தெரியாது. 1989-இல் தனி மாவட்டமாகும் வரை நமக்குத் தலைநகர் வேலூர். கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, குஷ்டநோயாளிகளின் கைகால் விரல்கள் ஏன் குறைகின்றன என்ற கேள்வியைத் தம் வாழ்நாள் வேலையாக ஏற்றார். சதை தானே அழுகி விழுகிறது என்று அக்காலத்தில் பொதுஜனங்களும் வைத்தியர்களும் ஒருங்கே நம்பியிருந்தார்கள். பிராண்டும் அவருடைய சகாக்களும் நோயாளிகளின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து கவனித்து, அந்த நம்பிக்கை தவறென்று நிறுவினார்கள். நரம்பு மரத்துப்போனதால் வலி தெரியாமற்போன மனிதன், சூடான பாத்திரத்தை எடுக்கிறான், துருப்பிடித்த பூட்டில் சாவியை அளவுமீறி அழுத்தித் திருப்புகிறான், புண்ணான காலை ஊன்றியே மைல்கணக்கில் நடக்கிறான். இரவில் உறங்கும்போது எலி வந்து விரலைக் கடித்துச் செல்வதையும் அறியாமல் கிடக்கிறான். எலியின் செய்தி வெளிப்பட்டபின், வீடு திரும்பும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள் என்பது ஏதோ வேடிக்கைக் கதையன்று. வைத்தியம் என்பது காரணத்தைத் தேடிச் செல்வது என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் நான் அறியேன். அவருடைய மனைவி மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவர். கருவிழியின் உணர்வு போய் இமைக்க மறந்த கண்கள் எவ்வாறு குருடாகின்றன என்பதையும், அதை எவ்வாறு தடுக்கலாம் என்பதையும் அவர் ஆராய்ந்தார்.

இத்திருத்தலத்தோடு நீங்காத தொடர்புடைய அருணகிரிநாதர், குஷ்டநோயால் வாடி, கோபுரத்தின் மேலிருந்து வீழ்ந்து உயிர்விடத் துணிந்தபோது முருகப்பெருமான் தாங்கிக்கொண்டான் என்பது நம் ஐதிகம். அந்த நோய் மனிதர்களை எத்தகைய நிராசையில் தள்ளியது என்பதை அந்த ஐதிகமே உணர்த்தும். அந்த நிராசையை அகற்றிய அறிவு இந்த ஜில்லாவிலேயே விளைந்தது என்பதில் நாம் பெருமிதம் கொள்ளலாம்.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் நகரத்துக் குஷ்டநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், குஷ்டரோகிகளின் பாதத்தில் கற்றது அனைத்தும் நீரிழிவுக்காரர்களின் பாதத்துக்கும் பொருந்தும் என்பதை அந்நாட்டு வைத்தியர்களுக்கு எடுத்துரைத்தார். வேலூரிலும் அதனருகிலுள்ள கரிகிரியிலும் குஷ்டநோயாளிக்குச் செய்த மென்ரப்பர்ச் செருப்பு, இன்று எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் நீரிழிவுக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்கப்படுகிறது. அக்காலத்தில் புண்ணைக் கழுவிக் கட்டுப்போட்டவர்களும், உணர்விழந்த இடங்களைத் தினந்தோறும் பார்த்து வந்தவர்களும், நோயாளி தன் பாதத்தைத் தானே சோதித்துக்கொள்ளும் பழக்கத்தை ஏற்படுத்தியவர்களும் பெரும்பாலும் செவிலியர்களும் அவர்களுக்குத் துணைநின்ற பணியாளர்களுமே. அவர்களுடைய பெயர்கள் நூல்களில் அருகியே காணப்படுகின்றன. வேலூரில் 1909-இலேயே செவிலியர் பள்ளி தொடங்கியவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1946-இல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. இந்தப் பரம்பரையின் வாரிசுகள் நம் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இன்று பணிபுரிகிறார்கள்.

அவர்கள் செய்ய வேண்டிய பரிசோதனை யாது? நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்வதே முதற்காரியம்; நம் மருத்துவமனைகளில் இது நடக்காமற்போவதுதான் அநேக அனர்த்தங்களுக்கு மூலம். சீட்டைப் பார்த்து, சர்க்கரை அளவைப் பார்த்து, மாத்திரை எழுதி அனுப்புகிற வேகத்தில், மேஜைக்குக் கீழே இருக்கும் பாதம் கீழேயே தங்கிவிடுகிறது. நல்ல செவிலியர் பாதத்தைத் தம் மடியளவுக்கு உயர்த்தி வைத்து, விரலிடுக்குகளை விலக்கிப் பார்ப்பார். கழற்றிய செருப்பின் உட்புறத்தையும் கையால் தடவி, ஆணியோ கல்லோ துருத்துகிறதா என்று அறிவார். பிறகு நைலான் இழை ஒன்றை எடுப்பார். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட அந்த இழையை, நோயாளியைக் கண்மூடச் சொல்லி, பெருவிரலிலும் விரலடி எலும்பு முனைகளிலும் மெல்ல ஊன்றி, “படும்போது சொல்லுங்க ஐயா” என்று கேட்பார். இழை வளைந்தும் ஐயா பேசாமலிருந்தால் அங்கே காவல் போய்விட்டது என்று பொருள். இசைக்கவை ஒன்றை அதிரவிட்டு எலும்பின்மேல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்பதும், பாதத்தின் மேற்புறத்தில் நாடித்துடிப்பைத் தேடுவதும், புறங்கையால் இரு பாதங்களின் வெப்பத்தையும் ஒப்பிடுவதும் அடுத்தவை. ஒரு பாதம் மற்றதைக் காட்டிலும் இரண்டு டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாக இருந்தால், தோல் கிழியும் முன்னரே உள்ளே அழற்சி தொடங்கிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். பிராண்ட் மிகவும் வற்புறுத்திய அடையாளம் இது. வலியின்றி வீங்கிச் சிவந்து சுடும் பாதத்தைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறவர்கள், உள்ளே எலும்புகள் நொறுங்கிக்கொண்டிருப்பதை அறியார்கள். மொத்தப் பரிசோதனைக்கும் மூன்று நான்கு நிமிஷங்களுக்கு மேல் ஆகாது.

கேட்கும் கேள்வியிலும் ஞானம் வேண்டும். “உணர்ச்சி குறைந்திருக்கிறதா?” என்று கேட்டால் எவரும் இல்லை என்றே சொல்வர், இல்லாமற்போன உணர்ச்சியை உணர்வது எப்படி? “நடக்கும்போது செருப்பு கழண்டு போனா தெரியுதாம்மா?” என்று கேட்கிற செவிலியருக்கு உடனே விடை கிடைக்கும். “அதுதான் நர்ஸம்மா, பஸ் ஸ்டாண்டுல யாரோ கூப்பிட்டுச் சொன்னப்புறந்தான் ஒத்தக் கால்ல செருப்பு இல்லன்னு பார்த்தேன்” என்ற பதிலில் நரம்பியல் நூலின் ஓர் அத்தியாயமே அடங்கியிருக்கிறது.

இதே வியாதி விழித்திரையையும் பாதிக்கிறது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். தன் பாதத்தை உணர முடியாதவர், பல சமயங்களில் அதைத் தெளிவாகப் பார்க்கவும் முடியாதவர். குனிந்து பார்க்க இடுப்பும் இடங்கொடுக்காது. தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள் என்று அச்சடித்த துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுப்பது அவருக்குப் பயன்படாது. யார் பார்ப்பது என்று விசாரித்து, மருமகளையோ பேத்தியையோ பக்கத்தில் அமர்த்தி, எதைப் பார்க்க வேண்டுமென்று அவர்களுக்குக் காட்டிக்கொடுப்பதே போதனை. ஆண்டுக்கொரு முறை கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்க அனுப்புவதும் செவிலியர் நினைவூட்டினாலன்றி நடப்பதில்லை.

கிரிவல இரவுக்கே உரிய மற்றோர் அபாயத்தையும் சொல்ல வேண்டும். விரதமிருந்து, ஆனால் வழக்கமான இன்சுலினையோ கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையையோ நிறுத்தாமல் எடுத்துக்கொண்டு, ஐந்தாறு மணி நேரம் நடக்கிற ஒருவருக்கு இரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும், கோபம் வரும், கால் தள்ளாடும். குடித்திருக்கிறார் என்று கூட்டம் விலகிச்செல்லும். சிலருக்கு ஒரு பக்கத்துக் கைகால் தளர்ந்து பக்கவாதம் போலவே தோன்றும். பக்கவாதத்திலும் காலதாமதம் மூளையை அழிக்கிறது, சர்க்கரைத் தாழ்விலும் அழிக்கிறது; ஆயினும் பின்னதை ஒரு சொட்டு இரத்தத்தால் அரை நிமிஷத்தில் கண்டறியலாம், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆகையால் பாதையில் விழுந்து கிடப்பவருக்கு முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள் என்பது செவிலியர் பயிற்சியின் பாலபாடம். 70-க்குக் கீழே இருந்து, அவர் விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர். நினைவு தப்பியவர் வாயில் ஒருபோதும் எதையும் ஊற்றக்கூடாது, அவருக்குச் சிரை வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். அந்த மாத்திரைகளின் வீரியம் பல மணி நேரம் நீடிப்பதால், தெளிந்துவிட்டார் என்று உடனே அனுப்பிவிடாமல், முதியவராயின் அவரை அமர்த்திவைத்து மறுபடியும் மறுபடியும் அளவு பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் செய்தியை அனுபவமுள்ள செவிலியர்கள் அறிவார்கள். அவசரத்தில் உள்ளவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரை மாத்திரையையும் இரத்தக் கொதிப்பு மாத்திரையையும் ஏழைகளின் வாசலுக்குக் கொண்டுசென்றது. பின்னர் வந்த ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டம், நான் மேலே விவரித்த பரிசோதனையையே அரசு மருத்துவ நிலையங்களில் நடத்தும் நோக்கமுடையது. நோக்கம் உத்தமமானது. ஆனால் திட்டங்களின் ஆயுள், அவற்றைச் செய்கிற கைகளின் நிலைமையைப் பொறுத்தது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015-இல் தேர்வாகி, மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர்கள், பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டமர்ந்ததை நாடு கண்டது. பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த நியதி. எந்த அரசு மருத்துவமனையின் பொதுவார்டிலும் பிற்பகலில் நுழைந்து பார்க்கிறவர், அந்த நியதிக்கும் நடப்புக்குமுள்ள தூரத்தைத் தாமே எண்ணிக்கொள்ளலாம். மூன்று நிமிஷப் பரிசோதனையைக் கற்றவருக்கு அந்த மூன்று நிமிஷம் கிடைப்பதில்லை. கற்று ஓராண்டு பயின்று விரல் நுனியில் நுட்பம் படிந்த வேளையில், அவரைப் பிரசவ வார்டுக்கோ வேறு ஊருக்கோ மாற்றிவிடுகிறார்கள். பிரசவ வார்டு தாழ்ந்ததென்று நான் சொல்லவில்லை. தேர்ச்சி என்பது எந்த நாற்காலியில் யாரை அமர்த்தினாலும் உண்டாகிவிடும் வஸ்து அன்று என்பதே என் முறையீடு.

மருத்துவரோடு செவிலியரையும் சமமாகப் பயிற்றுவித்தால் என்ன விளையும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன், நாகபுரி மருத்துவர் சரத் பெண்ட்சே முதலியோரின் முயற்சியால் இந்தியாவிலும் தான்சானியாவிலும் நடந்த ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ என்னும் பாதப் பராமரிப்புப் பயிற்சியில், ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் ஜோடியாகவே வந்து, ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே கருவிகளோடு ஊர் திரும்பினார்கள். அந்த ஏற்பாட்டின் விவேகம் வெளிப்படை: மருத்துவர் மட்டும் கற்றிருந்தால் அந்த அறிவு அவருடைய அறைக்குள் தங்கும், செவிலியரும் கற்றபோது அது நோயாளியின் வீடுவரை செல்லும்.

இனிக் கிரிவலம். வெறுங்காலோடு நடப்பது மூடத்தனம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அண்ணாமலையையே சிவசொரூபமாகக் கருதி வலம்வருகிறவர்களின் சிரத்தையை இழித்துப் பேசுகிற செவிலியரின் வார்த்தையை எந்த நோயாளியும் செவிமடுக்கமாட்டார். நைலான் இழையின் ஸ்பரிசத்தை உணர்கிறவர்கள் தாராளமாக வெறுங்காலோடு நடக்கட்டும், வெயில் சாய்ந்தபின் நடக்கட்டும், முடித்ததும் கால்கழுவித் துடைத்து விரலிடுக்கைப் பார்க்கட்டும். உணராதவர்கள் மட்டும் எம்.சி.ஆர். செருப்போடு நடக்கட்டும், காலில் ஏற்கெனவே புண் உள்ளவர்கள் வண்டியில் வலம்வரட்டும், முதியோர் பலர் இன்றும் அப்படித்தான் வருகிறார்கள். சித்திரை வெயிலில் காய்ந்த தார்ச்சாலையிலும் கற்பாவிய பிராகாரத்திலும் நின்று உள்ளங்கால் வெந்து கொப்புளித்ததை அறியாமல் வீடு சேர்ந்து, ஒரு மாதத்தில் விரலை இழந்தவரின் பக்தியை இறைவன் கூடுதலாக ஏற்றிருப்பான் என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை. இந்த வார்த்தையை, மருத்துவ அதிகாரி ஒலிபெருக்கியில் அறிவிப்பதைக் காட்டிலும், கோயிலைச் சேர்ந்த குருக்கள் ஒருவரும் ஊரறிந்த மூத்த செவிலியர் ஒருவரும் சேர்ந்து சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் என்பது என் நம்பிக்கை.

தீபத் திருவிழாவுக்கும் பௌர்ணமிகளுக்கும் பாதையோரம் மருத்துவ முகாம்கள் அமைக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. இந்திரலிங்கத்திலிருந்து ஈசானியலிங்கம் வரையுள்ள எட்டு லிங்க சந்நிதிகளின் அருகே, நடை தொடங்குமுன் பாதத்தைப் பார்க்கும் ஓரிடமாக அந்த முகாம்களுட் சிலவற்றை மாற்ற அதிகச் செலவில்லை: உயரமான முக்காலி ஒன்று, தண்ணீரும் துண்டும், சர்க்கரை அளவி, நைலான் இழை, உணர்விழந்தோருக்குக் கொடுக்கப் பல அளவுகளில் செருப்பு. பரிசோதித்த முடிவை ஒரு சீட்டில் எழுதி, அவரவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் காட்டும்படி சொல்ல வேண்டும். அந்தச் செவிலியர் அவ்விடத்தில் ஐந்தாண்டுகளேனும் நிலைத்திருக்க வேண்டும். செருப்பு எழுதிக்கொடுக்கவும், புண்ணைக் கண்டவுடன் மேல்மட்ட மருத்துவமனைக்கு நேரே அனுப்பவும், மருத்துவரின் கையொப்பத்துக்காகக் காத்திராத அதிகாரம் அவருக்கு எழுத்துமூலம் அளிக்கப்பட வேண்டும். மாவட்ட நிர்வாகமும் அறநிலையத் துறையும் மருத்துவக் கல்லூரியும் ஒருமுறை கூடிப் பேசினால், வருகிற கார்த்திகைக்குள் முதல் இரண்டு முகாம்களையாவது இவ்வாறு நடத்திவிடலாம்.